தினமும் சுடோகு போட்டா மறதி வராதா? மூளைப் பயிற்சி கேம்கள் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

"தினமும் பத்து நிமிஷம் விளையாடுங்க, மூளை இளமையா இருக்கும்." செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாத நாளே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த விளம்பரங்கள் இன்னும் ஜாஸ்தியாக வருகின்றன. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற வயதில், யாருக்குத்தான் கொஞ்சம் பயம் இருக்காது?

அந்தப் பயத்தை நம்பித்தான் உலகம் முழுக்க ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. சுடோகு புத்தகம், குறுக்கெழுத்து, நினைவாற்றல் கேம், மாதச் சந்தா கட்டி ஆடும் ஆப் என்று கடை விரிந்து கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு டேப்லெட் வாங்கி, இந்த ஆப்களைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவதும் சகஜமாகிவிட்டது.

ஆனா, இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுதா? புதிர் போட்டால் மறதி நோய் தள்ளிப் போகுமா? கடந்த 25 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவான பதிலை வைத்திருக்கின்றன. அந்தப் பதில் விளம்பரத்தில் வருவது போல அவ்வளவு எளிமையாக இல்லை.

இந்த மோகம் எப்போது ஆரம்பித்தது?

புதிர் போடுவது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. இன்று நாம் பார்க்கும் குறுக்கெழுத்துப் போட்டியின் முதல் வடிவம் 1913 டிசம்பர் 21-ம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வந்தது. உருவாக்கியவர் ஆர்தர் வின். சுடோகு என்றதும் ஜப்பான் நினைவுக்கு வரும். ஆனால் அது 1979-ல் அமெரிக்கப் புதிர் பத்திரிகை ஒன்றில் வேறு பெயரில் வந்தது. பிறகுதான் ஜப்பானுக்குப் போய் 'சுடோகு' ஆனது. 2004 நவம்பரில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் அதை வெளியிட ஆரம்பித்ததும் உலகம் முழுக்கப் பரவியது.

அதுவரை இவை பொழுதுபோக்கு மட்டும்தான். யாரும் இவற்றை மருந்து என்று சொல்லவில்லை. 2005-ல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம், மூளை ஆராய்ச்சியாளர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரோடு ஒரு கேமை வெளியிட்டது. கணக்குப் போட்டு, வார்த்தைகளை நினைவில் வைத்து ஆடினால், கடைசியில் "உங்கள் மூளைக்கு இத்தனை வயது" என்று திரையில் வரும். ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அங்கிருந்துதான் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'பயிற்சி' என்ற வார்த்தை வந்து உட்கார்ந்தது.

13 கோடி ரூபாய் கட்டிய நிறுவனம்

இந்தச் சந்தையில் அமெரிக்காவில் பெரிய பெயர் எடுத்தது 'லுமாசிட்டி'. வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 10 முதல் 15 நிமிஷம் இதன் கேம்களை ஆடினால் வேலையிலும் படிப்பிலும் திறமை கூடும், வயதாவதால் வரும் நினைவிழப்பும் டிமென்ஷியாவும் தள்ளிப் போகும் என்கிற அளவுக்கு விளம்பரங்கள் போயின.

2016 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதில் தலையிட்டது. சொன்னதை நிரூபிக்க நிறுவனத்திடம் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை, வயதாவது பற்றி மக்களுக்கு இருக்கும் பயத்தைக் காசாக்கியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கை முடித்துக்கொள்ள லுமாசிட்டி 20 லட்சம் டாலர் கட்டியது. அன்றைய மதிப்பில் சுமார் 13 கோடி ரூபாய். உண்மையில் விதிக்கப்பட்ட தொகை 5 கோடி டாலர். நிறுவனத்தின் நிதி நிலையைப் பார்த்து மீதி நிறுத்தி வைக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கேம் விற்றதற்காக இந்த நடவடிக்கை இல்லை. "நோயைத் தள்ளிப்போடும்" என்று ஆதாரம் இல்லாமல் சொன்னதற்காகத்தான். அதன் பிறகும் கேம்கள் விற்பனையில் இருக்கின்றன.

ஸ்கோர் ஏறுதே, அப்போ மூளை தேறுதுன்னுதானே அர்த்தம்?

பலரும் கேட்கிற கேள்வி இது. முதல் வாரம் 400 புள்ளி எடுத்தவர், மூன்றாவது வாரம் 900 எடுக்கிறார். கண் முன்னால் முன்னேற்றம் தெரிகிறது. பொய் இல்லையே?

பொய் இல்லைதான். ஆனா அந்த முன்னேற்றம் எதில் வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கு. கேரம் தினமும் ஆடினால் கேரமில் கை தேறும். அதனால் வீணை வாசிக்க வந்துவிடாது. இரண்டிலும் விரல்தான் வேலை செய்கிறது என்றாலும், தேர்ச்சி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவுவதில்லை.

இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு 1980-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு எண்களை வரிசையாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் பயிற்சி கொடுத்தார்கள். சாதாரணமாக ஒருவரால் ஏழு எண்கள் வரை சொல்ல முடியும். அவரும் ஏழில்தான் ஆரம்பித்தார். 230 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி எடுத்த பிறகு, 79 எண்களைப் பிசகாமல் சொன்னார்!

பிறகு எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார். அதாவது, அவருடைய நினைவாற்றல் பத்து மடங்கு பெரிதாகவில்லை. எண்களை நினைவில் வைக்க ஓர் உத்தியைக் கண்டுபிடித்துக்கொண்டார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை எல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றி மனதில் அடுக்கிக்கொண்டார். எழுத்துக்கு அந்த உத்தி உதவவில்லை.

சுடோகுவிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது, எந்த எண்ணை எப்படி விலக்குவது என்ற உத்தி பழகிப் போகிறது. மளிகைக் கடையில் என்ன வாங்க வந்தோம் என்பதை அந்த உத்தி ஞாபகப்படுத்தாது.

11,430 பேரை வைத்து நடந்த சோதனை

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது பிபிசி. தன்னுடைய அறிவியல் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக ஆட்களைத் திரட்டி, நரம்பியல் ஆராய்ச்சியாளர் ஏட்ரியன் ஓவன் குழுவுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2010-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 18 முதல் 60 வயது வரை உள்ள 11,430 பேர், ஆறு வாரம் இணையத்தில் பயிற்சி எடுத்தார்கள். ஒரு பிரிவினர் மூளைப் பயிற்சி கேம் எதுவும் ஆடவில்லை. பொது அறிவுக் கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

முடிவு? எந்த கேமை ஆடினார்களோ அதில் எல்லோரும் தேறினார்கள். ஆனால் ஆடாத பொதுவான தேர்வுகளில், கேம் ஆடியவர்களுக்கும் இணையத்தில் தேடியவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வில் குறையும் உண்டு. ஆறு வாரம் குறுகிய காலம், அறுபதைத் தாண்டியவர்கள் முடிவில் சேரவில்லை என்று விமர்சனங்கள் வந்தன. 2014-ல் இந்த விவாதம் சூடு பிடித்தது. கேம்கள் மூளையின் முதுமையைத் தடுக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று சுமார் 70 விஞ்ஞானிகள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். சில வாரங்களிலேயே, நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மறுப்புக் கடிதம் வந்தது. எல்லாப் பயிற்சியையும் ஒரே தராசில் போட்டு ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு, மூளைப் பயிற்சி நிறுவனங்களே தங்களுக்கு ஆதாரமாகக் காட்டும் ஆய்வுகளை உளவியலாளர் டேனியல் சைமன்ஸ் தலைமையிலான குழு ஒவ்வொன்றாக அலசியது. 2016-ல் வந்த அதன் முடிவு இதுதான்: பயிற்சி எடுத்த வேலையில் முன்னேற்றம் நிச்சயம். அதே மாதிரியான வேறு வேலையில் கொஞ்சம். அன்றாட வாழ்க்கையில் முன்னேற்றம் வரும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

அப்போ எல்லாமே வேஸ்ட்டா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. கேம்கள் பக்கம் பேசும் ஒரு வலுவான ஆய்வு இருக்கிறது. அதன் பெயர் 'ஆக்டிவ்'. அமெரிக்க அரசின் நிதியில் 1990-களின் கடைசியில் ஆரம்பித்தது. 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வேகப் பயிற்சி. நான்காவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை.

வேகப் பயிற்சி என்றால், திரையின் நடுவில் ஒரு வண்டி படம் மின்னி மறையும். அதே நொடியில் ஓரத்திலும் ஒரு படம் வந்து போகும். நடுவில் வந்தது காரா லாரியா, ஓரத்தில் வந்தது எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல வேகம் கூடிக்கொண்டே போகும்.

பத்து ஆண்டு கண்காணிப்பை வைத்து 2017-ல் வந்த அறிக்கையில், வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து 29 சதவீதம் குறைவாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த 20 ஆண்டுக் கண்காணிப்பிலும், வேகப் பயிற்சியோடு சில ஆண்டுகள் கழித்துக் கூடுதல் வகுப்பும் எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா 25 சதவீதம் குறைவாகப் பதிவாகியிருந்தது. கூடுதல் வகுப்பு எடுக்காதவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. நினைவாற்றல் பயிற்சி, தர்க்கப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் தெரியவில்லை.

நினைவாற்றல் பயிற்சி எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா குறையவில்லை, வண்டி படத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குக் குறைந்திருக்கிறது. ஏன் அப்படி என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பலன் காட்டியது, ஆட்டத்தின் கஷ்டம் ஆளுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும் ஒரு குறிப்பிட்ட பயிற்சி. அதைக் காட்டி, கடையில் கிடைக்கும் எல்லாப் புதிருக்கும் அதே பலன் என்று விற்பதுதான் தவறு.

குறுக்கெழுத்துக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. ஏற்கெனவே லேசான நினைவுக் குறைபாடு உள்ள 107 பேரை வைத்து கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆய்வு 2022-ல் வந்தது. ஒன்றரை ஆண்டுப் பயிற்சியில், கம்ப்யூட்டர் கேம் ஆடியவர்களைவிடக் குறுக்கெழுத்து போட்டவர்கள் கொஞ்சம் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் எதுவுமே ஆடாத ஒரு பிரிவு இதில் இல்லை. அதனால் "குறுக்கெழுத்து காப்பாற்றும்" என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

"எங்க தாத்தா தினமும் குறுக்கெழுத்து போடுவார், 90 வயசுலயும் தெளிவு"

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிர் போட்டதால் தாத்தா தெளிவாக இருந்தாரா, தெளிவாக இருந்ததால் புதிர் போட முடிந்ததா?

2003-ல் அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வந்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்தது தெரிந்தது. ஆனால் டிமென்ஷியா ஒரே நாளில் வருவதில்லை. வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளைக்குள் ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்தில் மனிதர்கள் கஷ்டமான பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கைவிடுவார்கள். அப்படிப் பார்த்தால், புதிரை விட்டது நோய்க்குக் காரணம் இல்லை, நோய்தான் புதிரை விடவைத்தது என்றும் சொல்லலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 1936-ல் பிறந்த 498 பேர். இவர்கள் 11 வயதில் எழுதிய அறிவுத்திறன் தேர்வின் மதிப்பெண் ஆவணமாக இருந்தது. அறுபதைத் தாண்டிய பிறகு இவர்களைத் தொடர்ந்து சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். புதிர் போன்ற மூளைக்கு வேலை கொடுக்கும் பழக்கங்கள் இருந்தவர்களுக்கும் முதுமையில் திறன் குறையும் வேகம் மாறவில்லை. ஆனால் அவர்கள் குறைய ஆரம்பித்த இடம் உயரமாக இருந்தது.

இதைச் சேமிப்புக் கணக்கு போலப் புரிந்துகொள்ளலாம். மாதச் செலவு இருவருக்கும் ஒன்றுதான். கணக்கில் அதிகம் போட்டு வைத்தவருக்குப் பணம் தீர்ந்துபோகும் நாள் தள்ளிப் போகிறது. மூளை ஆராய்ச்சியாளர்களும் இதைச் 'சேமிப்பு' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள்.

அந்தச் சேமிப்பை எது கூட்டுகிறது?

பதில் இந்தியாவிலிருந்தே வந்திருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழு, டிமென்ஷியா வந்த 648 பேரை ஆராய்ந்தது. தெலுங்கு, தக்கணி, ஆங்கிலம் என்று இரண்டு மூன்று மொழி புழங்கும் ஊர் அது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. 2013-ல் வந்த இந்த ஆய்வை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள்.

புதிய வேலை கற்பதும் உதவுகிறது. 2014-ல் அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்கள் வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் டிஜிட்டல் போட்டோகிராபியும் துணித் தையல் வேலைப்பாடும் கற்றார்கள். இன்னொரு பிரிவு அதே அளவு நேரம் கூடிப் பேசி, சமைத்து, ஊர் சுற்றியது. வேறொரு பிரிவு வீட்டிலேயே இசை கேட்டு, சுலபமான வார்த்தை விளையாட்டு ஆடியது. நினைவாற்றலில் முன்னேறியவர்கள், புதிதாக ஒன்றைக் கஷ்டப்பட்டுக் கற்றவர்கள்.

பத்து வருஷமாக ஒரே மாதிரி சுடோகு போடுபவருக்கு அது கிட்டத்தட்டக் கைப்பழக்கம் ஆகிவிட்டிருக்கும். அவர் அதே நேரத்தில் இன்னொரு மொழியோ, மிருதங்கமோ, தையலோ கற்க ஆரம்பித்தால் மூளைக்குக் கிடைக்கும் வேலையே வேறு.

பெரிய ஓட்டை எங்கே இருக்கு?

2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலையில் காயம், உடலுழைப்பு இல்லாமை, சர்க்கரை நோய், புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், அதிக மது, தனிமை, காற்று மாசு. இத்தனையையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்பது அந்தக் குழுவின் கணக்கு.

இந்தப் பட்டியலில் "தினமும் கேம் ஆடாதது" இல்லை.

சர்க்கரையும் பிபியும் ஏன் இதில் வருகின்றன? மூளை முழுக்க மெல்லிய ரத்தக் குழாய்கள். பிபி பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் அவை சேதமாகும். 2019-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 9,000-க்கும் மேற்பட்டோரில் மேல் ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, லேசான நினைவுக் குறைபாடு வருவது 19 சதவீதம் குறைந்தது. எந்த அளவு யாருக்குச் சரி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காதுக்கும் மூளைக்கும் இருக்கும் தொடர்பு பலருக்குத் தெரியாது. 2023-ல் வந்த ஓர் ஆய்வில், காது கேளாமை உள்ள 977 பேரில் பாதிப் பேருக்குக் காது மெஷின் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம், மூன்று ஆண்டில் மூளைத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து, விசேஷ வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார் என்பது எல்லா வீட்டிலும் பார்க்கிற கதைதான்.

இவற்றை எல்லாம் சேர்த்துச் செய்தால்? பின்லாந்தில் 1,260 பேரை வைத்து இரண்டு ஆண்டு நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிபி-சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தது. 2015-ல் வந்த முடிவில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மூளைத்திறன் தேர்வில் 25 சதவீதம் அதிக முன்னேற்றம். 2025 ஜூலையில் வெளியான அமெரிக்காவின் 'பாயின்டர்' ஆய்வும் 2,111 பேரிடம் கிட்டத்தட்ட இதே திசையில் பலன் கண்டது. ஆனால் தாங்களாகவே திட்டம் போட்டு நடந்தவர்களும் முன்னேறினார்கள். கூட்டமாகச் சேர்ந்து, கண்காணிப்போடு செய்தவர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக முன்னேறினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு ஆய்விலும் மூளைப் பயிற்சி இருந்தது உண்மை. ஆனால் சாம்பாரில் பெருங்காயம் மாதிரி, பலவற்றில் ஒன்றாக.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன கவலை?

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம்.

நாட்டில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி, 2031-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 18 சதவீதத்தை எட்டுவார்கள். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இங்கேதான் ஒரு முரண். ஆபத்து அதிகம் இருப்பது கிராமத்தில், அதிகம் படிக்க வாய்ப்பு கிடைக்காத வயதான பெண்களுக்கு. மூளைப் பயிற்சி ஆப்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், ஸ்மார்ட்போன் பழகிய, சந்தா கட்ட வசதியுள்ள நகரத்துக்காரருக்கானவை. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அவை போய்ச் சேருவதே இல்லை.

அவர்களுக்குப் போய்ச் சேருவது வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை யாரும் மூளைக்கான திட்டம் என்று நினைப்பதில்லை. லான்செட் பட்டியலை வைத்துப் பார்த்தால், அந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுவது மூளைக்கும் செய்யும் பாதுகாப்புதான்.

பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம் எல்லாம் மூளைக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். அவற்றையும் மருந்து என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று, தாயம் ஆட எதிரில் ஓர் ஆள் வேண்டும். பேச்சு இருக்கும், சண்டை இருக்கும், சிரிப்பு இருக்கும். தனியாக டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பதைவிட அது மேல், ஏனென்றால் தனிமை அந்த 14 காரணங்களில் ஒன்று.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

* புதிர் பிடித்திருந்தால் தாராளமாகப் போடலாம். சந்தோஷம் தருகிறது என்பதே போதுமான காரணம். கெடுதல் எதுவும் இல்லை.
* சுலபமாகிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எண் புதிர் பழகியவர் சொல் புதிருக்கு, சொல் புதிர் பழகியவர் செஸ்ஸுக்கு மாறிப் பார்க்கலாம்.
* புதிர் நேரத்துக்காக நடைப்பயிற்சியை விடக் கூடாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நடை முதலில்.
* ஆப்புக்குப் பணம் கட்டும் முன், "நோயைத் தடுக்கும்" என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்னால் அதுவே எச்சரிக்கை. இலவச சோதனைக் காலம் முடிந்ததும் ஆண்டுச் சந்தா தானாகப் பிடிக்கப்படுமா என்பதையும் கவனிக்க வேண்டும்.
* பிபி, சர்க்கரை, கண், காது நான்கையும் பரிசோதித்து எத்தனை நாளாகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

எப்போது புதிரை வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பெயர் சட்டென்று வாயில் வராமல், பத்து நிமிஷம் கழித்து ஞாபகம் வருவது வயதில் சகஜம். ஆனால் தினமும் போகும் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை கேட்பது, பல ஆண்டாகப் பார்த்து வந்த பென்ஷன் கணக்கில் தடுமாறுவது, வழக்கமான சமையலில் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பது, குணமே மாறிப்போவது போன்றவை வேறு ரகம்.

"வயசானா அப்படித்தான்" என்று சொல்லி, ஒரு சுடோகு புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது பல வீடுகளில் நடக்கிறது. மறதி எல்லாமே டிமென்ஷியா இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், எப்போதோ கீழே விழுந்ததில் தலைக்குள் மெல்லச் சேரும் ரத்தம் இவற்றாலும் மறதி வரும். இவற்றில் பல சிகிச்சையால் சரியாகக்கூடியவை. பி12-ம் தைராய்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். காலம் கடந்தால் சரியாகும் வாய்ப்பும் குறையும்.

கேமில் நல்ல ஸ்கோர் வருகிறதே என்று தைரியமாக இருக்கவும் கூடாது. பல ஆண்டு பழகிய ஆட்டம் கடைசி வரை கையோடு இருக்கலாம், மற்றது நழுவிக்கொண்டிருக்கும்போதும். அதனால் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போனில் பேசும்போது, "கேம் ஆடுனீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "மாத்திரை போட்டீங்களா, வெளியே நடந்தீங்களா, யாரோடயாவது பேசுனீங்களா?" என்றும் கேட்கலாம். அந்தப் பதில்களிலிருந்து பிள்ளைகளுக்குத் தெரியவருவது, எந்த ஆப்பின் ஸ்கோரும் காட்டுவதைவிட அதிகமாக இருக்கும்.